சீட்டில் உட்காரும் முன்: இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணிகளைப் பற்றி ஓர் ஆய்வு

2022 ஜூலை 24 அன்று தமிழ்நாடு முழுவதும் 18 லட்சத்துக்கும் அதிகமானோர் ஒரே வேளையில் ஒரே தேர்வை எழுதினார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வு அது. அறிவிக்கையில் சொல்லப்பட்ட இடங்கள் 7,301. பின்னர் அந்த எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டி உயர்த்தப்பட்டது. முதலில் அறிவித்த இடங்களில் ஏறக்குறைய பாதி இளநிலை உதவியாளருக்கானவை; 2,108 தட்டச்சருக்கு, 1,024 சுருக்கெழுத்துத் தட்டச்சருக்கு. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும் என்ற தகுதிக்குப் பட்டதாரிகளும் பொறியாளர்களும் வரிசையில் நின்றார்கள். முடிவு வெளிவர எட்டு மாதம் ஆனது.

இந்தத் தேர்வுக்கு எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லித்தரப் பயிற்சி மையம் இல்லாத ஊர் இன்று இல்லை. பழைய வினாத்தாள் முதல் பாடநூல் சுருக்கம் வரை எல்லாம் கிடைக்கிறது. ஆனால் தேறி, கலந்தாய்வு முடிந்து, நியமன ஆணையோடு ஓர் அலுவலகத்தின் படியேறுகிற இளைஞரிடம் "நாளை முதல் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இராது. அவர் குற்றமல்ல அது. அந்த வேலை என்ன, அதற்கு எந்தத் திறமை வேண்டும், அந்தத் திறமையை யார் எங்கே சோதிக்கிறார்கள் என்பதை நாம் பொதுவில் பேசியதே குறைவு. ஒரு குடிமகனின் மனுவை அரசு முதலில் வாசிப்பது இவர்கள் கண்ணால்தான். கடைசியில் ஆணையாக அச்சேறுவதும் இவர்கள் விரலால்தான். அதனால் இதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பதவிகள். இளநிலை உதவியாளருக்கும் தட்டச்சருக்கும் ஊதிய நிலை ஒன்றுதான்: நிலை 8, தொடக்க ஊதியம் மாதம் 19,500 ரூபாய். சுருக்கெழுத்துத் தட்டச்சருக்கு நிலை 10, தொடக்கம் 20,600. தட்டச்சருக்குப் பத்தாம் வகுப்போடு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சுச் சான்றிதழ் வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை தேறியவருக்கு முன்னுரிமை. அதற்கடுத்து ஒரு மொழியில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் தேறியவர்கள். குரூப் 4 வழியாக வருகிறவர்களைத் தவிர, பணியில் இருக்கும்போதே இறந்த அரசு ஊழியரின் மகனோ மகளோ மனைவியோ கருணை அடிப்படையில் இதே நாற்காலிகளுக்கு வருவதும் உண்டு. எந்த வழியில் வந்தாலும் வேலை ஒன்றுதான்.

அந்த வேலை தபாலில் தொடங்குகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமானாலும் வட்டார வளர்ச்சி அலுவலகமானாலும், காலையில் வருகிற கடிதங்கள், மனுக்கள், மேலலுவலகச் சுற்றறிக்கைகள் எல்லாவற்றுக்கும் அங்கே தபால் என்றுதான் பெயர். தபாலில் தேதி முத்திரை விழும். அலுவலர் பார்த்துச் சுருக்கொப்பமிடுவார். பகிர்மானப் பதிவேட்டில் எண் ஏறும். பிறகு அ1, அ2, ஆ1 என்று பெயரிட்ட இருக்கைகளுக்குப் பிரித்துத் தரப்படும். இருக்கையை அங்கே யாரும் இருக்கை என்று சொல்வதில்லை, சீட் என்பார்கள். "அது எந்த சீட்?" என்பதுதான் அலுவலகத்தில் அதிகம் கேட்கும் கேள்வி. சீட்டுக்கு வந்த தபாலை இளநிலை உதவியாளர் தன்பதிவேட்டில் ஏற்றுகிறார். பேச்சுவழக்கில் இதற்கு பி.ஆர். என்று பெயர். யாரிடமிருந்து வந்தது, என்ன பொருள், எந்த நாளில் கிடைத்தது, எந்த நாளில் யாருக்கு வைக்கப்பட்டது, பதில் கேட்டு எப்போது எழுதப்பட்டது, நினைவூட்டு எப்போது போனது, எப்படி முடிந்தது என்பதெல்லாம் ஒரே வரிசையில் அங்கே வந்துவிடும். முடிந்த கோப்பின் எண்ணைச் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்கள். சுழிக்கப்படாத எண்கள்தான் அந்த சீட்டின் நிலுவை. மேலலுவலர் தன்பதிவேட்டை வாங்கிப் புரட்டினால் சில நிமிடங்களில் அந்த சீட்டில் இருப்பவர் எப்படி வேலை பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

இந்த முறை நாம் புதிதாக உண்டாக்கியதல்ல. சென்னை மாகாணக் காலத்தில் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் அழைக்கப்பட்ட அலுவலக நடைமுறைதான் மாவட்ட அலுவலக நடைமுறை நூலாகத் தொடர்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு தேதி என்பதே அதன் அடிப்படை. கணினி வந்த பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை. மின் அலுவலகத் திரையில் தெரிவதும் அந்தத் தன்பதிவேடுதான். சிவப்பு மைதான் இல்லை.

தபாலைப் பதிந்த பிறகுதான் உண்மையான வேலை. கோப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. வந்த கடிதங்களும் அனுப்பிய கடிதங்களும் நடப்புக் கோப்பில் சேரும். அவற்றின் மேல் அலுவலகம் என்ன நினைக்கிறது என்பது குறிப்புக் கோப்பில் சேரும். இந்தக் குறிப்பை எழுதுவதைத்தான் 'நோட் போடுவது' என்கிறார்கள். நல்ல குறிப்பு எதையெல்லாம் சொல்ல வேண்டும்? மனுதாரர் கேட்பது என்ன, ஆவணங்கள் சொல்வது என்ன, விதி சொல்வது என்ன, இதற்கு முன் இதேபோன்ற ஒன்றில் என்ன முடிவெடுக்கப்பட்டது, ஆகவே இப்போது என்ன செய்யலாம். இந்த ஐந்தில் ஒன்று விடுபட்டாலும் கோப்பு மேலே போய்த் திரும்பி வரும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வெளியே ஒருவர் காத்திருக்கிறார்.

ஓர் ஓய்வூதியக் கோப்பை எடுத்துக்கொள்வோம். பழைய ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வருகிற ஓர் அரசு ஊழியர் ஓய்வு பெறுகிறார். அவருடைய ஓய்வூதியக் கருத்துருவைத் தயாரித்துச் சென்னையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இதற்கு மூலம் அவருடைய பணிப்பதிவேடு. எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தடித்த புத்தகத்தில் முப்பது ஆண்டு வாழ்க்கை பதிந்திருக்கிறது: பிறந்த தேதி, அங்க அடையாளங்கள், நியமனம், தகுதிகாண் பருவம் முடித்தது, ஆண்டுதோறும் ஏறிய ஊதிய உயர்வு, எடுத்த விடுப்பு, மாறிய ஊர்கள். பணியமைப்புப் பிரிவில் புதிதாக உட்கார்ந்திருக்கும் இளநிலை உதவியாளர் இதை ஒவ்வொரு பக்கமாகப் படிக்க வேண்டும். படித்துக்கொண்டே வருகையில், பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறுதலானபோது விடுவிக்கப்பட்ட நாள் இருக்கிறது, சேர்ந்த நாளும் இருக்கிறது, ஆனால் முற்பகலா பிற்பகலா என்று எழுதப்படவில்லை என்பது தெரிகிறது. இன்னொரு பக்கத்தில் ஓராண்டுக்குப் பணிச் சரிபார்ப்பு செய்ததற்கான கையொப்பம் இல்லை. முதல் பக்கத்தில் ஊழியரின் தலைப்பெழுத்து 'மு.' என்றிருக்கிறது, வங்கிக் கணக்கில் அது வேறாக இருக்கிறது. மூன்றும் சின்னஞ்சிறு குறைகள். இவற்றைக் கண்டுபிடிக்காமல் அனுப்பினால் கருத்துரு தணிக்கைக் குறிப்போடு திரும்பும். பிறகு பழைய அலுவலகத்துக்குக் கடிதம், அங்கே பழைய ஊதியப் பட்டியலைத் தேடுதல், பதில் வருவது, திருத்தம், மறுபடி அனுப்புதல் என்று மாதங்கள் ஓடும். ஓய்வு பெற்றவர் அந்த மாதங்களில் எதைக் கொண்டு அரிசி வாங்குவார்?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பொறுமையாகப் படிக்கும் பழக்கமும், எது இருந்தாக வேண்டும் என்ற தெளிவும் போதும். ஆனால் இந்த இரண்டும் தானாக வருவதில்லை. அதே சீட்டில் முன்பு இருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தால் ஒரு வாரத்தில் வரும். காட்டிக்கொடுக்க ஆளில்லாவிட்டால் இரண்டு ஆண்டானாலும் வராது. பல அலுவலகங்களில் முன்பு இருந்தவர் மாறுதலாகிப் போன பிறகுதான் புதியவர் வருகிறார். பொறுப்பு ஒப்படைப்பு என்பது பீரோ சாவியையும் நிலுவைப் பட்டியலையும் வாங்கிக்கொள்வதோடு நின்றுவிடுகிறது.

கோப்பு முடிந்ததும் இன்னொரு முடிவை எடுக்க வேண்டும்: இந்தத் தாள் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்க வேண்டும்? கடித எண்களுக்கு முன்னால் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று பார்க்கிறோமே, அவை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு முடிவுகளைக் குறிப்பவை. நிரந்தரமாக வைக்க வேண்டியவற்றுக்குத் தனி வகை உண்டு. இதை முன்மொழிகிறவர் சீட்டில் இருப்பவர். நில உரிமை சம்பந்தப்பட்ட ஒரு தாளை மூன்றாண்டு வகையில் போட்டுவிட்டால், நான்காம் ஆண்டில் பதிவறையிலிருந்து அது அழிப்புக்குப் போய்விடலாம். பத்தாம் ஆண்டில் நீதிமன்றம் அதைக் கேட்கும்போது "ஆவணம் இல்லை" என்ற பதிலைத்தான் தர முடியும். பதிவறையைப் பற்றி யாரும் கவலைப்படாத காலத்தில் இந்த வகைப்பாட்டைச் சரியாகச் செய்கிற இளநிலை உதவியாளரை நான் மிகவும் மதிக்கிறேன். அவர் செய்த நன்மை பல ஆண்டுகளுக்குப் பிறகு, முகம் தெரியாத யாருக்கோ போய்ச் சேர்கிறது.

தட்டச்சரின் பாதை வேறு. அது பெரும்பாலும் ஊர்க் கடைத்தெருவின் மாடியில் இருக்கும் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் தொடங்குகிறது. காலை ஆறு மணிக்கே திறந்துவிடும் பயிலகங்கள் அவை. பள்ளி, கல்லூரிக்குப் போகுமுன் ஒரு மணி நேரம். ஆங்கிலத்தில் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், தமிழில் யளனகபக என்று விரல் பழகுவதே முதல் பாடம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் முதல் தாள் வேகத்துக்கானது. பத்து நிமிடம் நிற்காமல் அடிக்க வேண்டும். ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். ஐந்து எழுத்து ஒரு சொல் என்பது கணக்கு. அப்படியானால் முதுநிலைக்குப் பத்து நிமிடத்தில் 2,250 அடிப்புகள். சுருக்கெழுத்து படிப்பவர்களின் வேகக் கணக்கு இதைவிடக் கடுமை: முதுநிலைக்கு நிமிடத்துக்கு 120 சொல்லைக் காதால் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு அதைப் பிசகாமல் பெயர்த்துத் தர வேண்டும்.

வேகத்தாளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அலுவலகத்துக்கு உண்மையில் பயன்படுவது இரண்டாம் தாள். கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு தரப்படும் ஓர் அட்டவணையையும் கடிதத்தையும் ஒழுங்காக அடித்துத் தர வேண்டும். அட்டவணையில் எத்தனை பத்திகள், ஒவ்வொன்றிலும் நீளமான சொல் எது, தாளின் அகலத்தில் எத்தனை இடம் மிஞ்சும், அதை எப்படிப் பங்கிடுவது என்று அடிக்கத் தொடங்குமுன் மனக்கணக்குப் போட வேண்டும். பிழையான கையெழுத்துக்குள்ளிருந்து எழுதியவர் சொல்ல வந்ததைக் கண்டெடுக்க வேண்டும். இந்தத் தாளில் நன்றாகத் தேறிய தட்டச்சரிடம் ஆட்சியர் அலுவலகத்தின் எந்த அறிக்கையையும் நம்பிக் கொடுக்கலாம்.

தமிழ்த் தட்டச்சுக்கு மட்டுமே உரிய நுணுக்கம் ஒன்றும் உண்டு. 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்க வேண்டும் என்ற சிக்கலை, யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தீர்த்துவைத்தார். புள்ளிபோன்ற குறிகளுக்கு நகரா விசைகளை அவர் அமைத்தார். 'க்' என்று அடிக்க முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும். அப்போது தாளைத் தாங்கிய உருளை நகராது. பிறகு 'க' தட்டினால் அது புள்ளியின் அடியில் போய் உட்காரும். 'கெ' என்றால் கொம்பு முந்தி, எழுத்து பிந்தி. நாம் சொல்லும் வரிசை வேறு, விரல் போகும் வரிசை வேறு. ஆண்டுக்கணக்கில் இப்படிப் பழகிய விரல்களைத்தான் பிறகு கணினிக்கு முன்னால் உட்கார வைத்தோம்.

அங்கே வந்த சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தது. ஒலி வரிசைப்படி அமைந்த நல்ல விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். 'க' இருமுறை தட்டினால் தானே 'க்க' ஆகும். புதிதாகக் கற்பவருக்குச் சில நாளில் வசமாகிவிடும். ஆனால் சான்றிதழ் தரும் தேர்வு தட்டச்சுப் பொறியின் அமைப்பிலேயே நின்றது. பணிக்கு வருகிறவர் ஓர் அமைப்பில் தேறி வருகிறார், அரசு இன்னோர் அமைப்பைப் பரிந்துரைக்கிறது. அலுவலகங்கள் நடுவழியாக, பழைய தட்டச்சு அமைப்பையே தரும் மென்பொருள்களை வைத்துக்கொண்டன. வானவில் எழுத்துருக்கள் அப்படித்தான் அரசு அலுவலகங்களில் வேரூன்றின.

வானவிலில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரையில் பொருளற்ற குறிகள் வரும். அதைவிடப் பெரிய குறை, தேட முடியாது என்பது. ஒருவரின் பெயரை உள்ளிட்டு அவர் சம்பந்தப்பட்ட ஆணைகளையெல்லாம் எடுக்க நினைத்தால், எழுத்துருவின் உள்குறி வேறாக இருப்பதால் கணினிக்கு அது தமிழாகவே தெரிவதில்லை. 2010இல் அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆணை வந்த பிறகும் பழைய எழுத்துரு உடனே மறையவில்லை. பல ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகளை யார் மாற்றுவது என்ற கேள்வியும், பழகிய விரலை மாற்ற மனமின்மையும் சேர்ந்துகொண்டன. இன்று பணியில் சேரும் ஒரு தட்டச்சருக்குத் தட்டச்சு அமைப்பும் தமிழ்99உம், வானவிலிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் முறையும், மாற்றியபின் உடைந்து நிற்கும் ஒற்றுகளைக் கண்டு திருத்தும் கண்ணும் வேண்டும். இதில் தட்டச்சு அமைப்பைத் தவிர மற்றவற்றைத் தேர்வுகள் பெரும்பாலும் கேட்பதில்லை. கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழைத் தகுதிகாண் பருவத்துக்குள் பெற வேண்டும் என்ற விதி இருப்பது நல்லதே. ஆனால் தமிழைக் கணினியில் கையாள்வது அந்தச் சான்றிதழுக்கு அப்பாலும் விரிந்து கிடக்கிறது.

தட்டச்சரின் வேலை வரைவைத் தூயநகலாக்குவது. வரைவில் மேலலுவலர் ஓரத்தில் திருத்தியிருப்பார், அம்புக்குறி போட்டிருப்பார், ஒரு பத்தியைக் கீழே தள்ளியிருப்பார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வரிசை மாறாமல், செயல்முறைகளா குறிப்பாணையா நேர்முகக் கடிதமா என்பதற்கேற்ற வடிவில் அது வர வேண்டும். வந்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் வரைவை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் தூயநகலில் விரல் வைத்துத் தொடர்வது பழைய வழக்கம். எண்கள் வரும்போது ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வார்கள். இந்த வழக்கம் இப்போது அருகிவிட்டது. திரையில் ஒருமுறை பார்த்து, அச்செடுத்து, கையெழுத்துக்கு வைத்துவிடுகிறார்கள்.

இதனால் என்ன ஆகும்? வட்டாட்சியரின் ஆணை ஒன்றில் புல எண் 112/2அ என்று இருக்க வேண்டிய இடத்தில் 112/2ஆ என்று விழுந்துவிட்டால், அது எழுத்துப் பிழை என்று அலுவலகத்துக்குள் சொல்லலாம். வெளியே அது பக்கத்து நிலத்துக்காரரின் சொத்து. அவர் ஒருநாள் பட்டாவைப் பார்க்கும்போது அது தெரியவரும். பிறகு மேல்முறையீடு, வழக்கறிஞர், இரண்டு குடும்பத்துக்குள் பகை. நீதிமன்றங்கள் இந்த ஆபத்தை உணர்ந்திருக்கின்றன. மாவட்ட நீதிமன்றங்களில் நகல்களைப் படிக்க ரீடர் என்றும், ஒப்பிட எக்ஸாமினர் என்றும் தனிப் பணியிடங்களே இருக்கின்றன. தீர்ப்பின் நகலில் ஒரு சொல் மாறக்கூடாது என்று அங்கே கருதுகிறார்கள். வருவாய்த் துறை ஆணையில் ஓர் எழுத்து மாறலாமா?

கணினி புதிதாகக் கொண்டுவந்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். முன்பு ஒவ்வோர் ஆணையையும் புதிதாக அடித்தார்கள். இப்போது பழைய ஆணையைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றிச் சேமிக்கிறார்கள். நேரம் மிச்சம்தான். ஆனால் பார்வையில் மூன்றாவதாக உள்ள கடிதம் பழைய ஆளுடையதாகவே தங்கிவிடுகிறது. நான்காம் பத்தியில் பழைய பெயர் எட்டிப் பார்க்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளில் இப்படி நேர்ந்தால், மனதைச் செலுத்தாமல் பிறப்பித்த ஆணை என்று சொல்லி நீதிமன்றம் அதை ரத்து செய்ய இடமுண்டு. தட்டுகிற வேலையைக் கணினி குறைத்திருக்கிறது. சரிபார்க்கிற வேலை கூடியிருக்கிறது. தட்டச்சரின் திறமையை இனி வேகத்தால் மட்டும் அளப்பது பொருந்தாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

அடுத்தது மொழி. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ் இந்த மாநிலத்தின் ஆட்சிமொழியானது. கோப்புகளில் தமிழ் வந்தது பெரிய சாதனை. அதற்காக உழைத்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் மனுதாரருக்குப் போகிற பதிலின் தமிழ் இன்னும் மனுதாரருக்கு எட்டவில்லை. "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற விவரம் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது" என்ற ஒரு வரியோடு ஆயிரக்கணக்கான கடிதங்கள் போகின்றன. எந்த அலுவலர்? எந்த ஊர்? எந்த எண்ணில், எந்தத் தேதியில் அனுப்பினார்கள்? அவர் எப்போதைக்குள் பதில் சொல்ல வேண்டும்? கூலி வேலையை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்த ஒரு பெண்ணுக்கு இந்த நான்கு விவரங்கள்தான் தேவை. வரைவை எழுதும் இளநிலை உதவியாளரிடம் நான்கும் இருக்கின்றன. அவருடைய தன்பதிவேட்டிலேயே இருக்கின்றன. அவற்றை எழுதாமல் விடுவது சோம்பலால் அல்ல. முந்தைய கடிதம் அப்படி இருந்தது, அதனால் இதுவும் அப்படியே. பயிற்சியில் ஒரே ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கினால்கூட நிலைமை மாறும்.

இப்போது தேர்வுக்கு வருவோம். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். பாதிக் கேள்விகள் தமிழில் தகுதியைச் சோதிப்பவை. அதில் 40 விழுக்காடு வாங்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தமாட்டார்கள். மீதி பொதுஅறிவும் திறனறிவும். எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கும் கேள்விகள். லட்சக்கணக்கானோரை ஊழலின்றி, பரிந்துரையின்றி வடிகட்ட இதைவிட நேர்மையான வழி எளிதில் கிடைக்காது. ஏழை வீட்டுப் பிள்ளை தன் மதிப்பெண்ணை மட்டும் நம்பி அரசு வேலைக்கு வருகிறது என்றால் அது இந்தத் தேர்வால். ஆகவே தேர்வைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் தேர்வு அளக்காத ஒன்று இருக்கிறது. தேறியவர்களில் ஒருவர்கூட, தேர்வின் எந்தக் கட்டத்திலும், சொந்தமாக ஒரு பத்தி தமிழ் எழுதிக் காட்டியதில்லை. ஒரு மனுவைப் படித்து அதன் கோரிக்கையை இரண்டு வரியில் சொன்னதில்லை. பணி முழுக்க அவர் செய்யப்போவது அதுதான்.

தேர்வு அளக்க முடியாததைப் பயிற்சி தர வேண்டும். ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் இதற்கென்றே அரசு அலுவலர் பயிற்சி நிலையம் இருக்கிறது. இளநிலை உதவியாளர்களுக்கு அங்கே அடிப்படைப் பயிற்சி தருகிறார்கள். அலுவலக நடைமுறை, கணக்கு, விதிகள் எல்லாம் பாடமாக உண்டு. அங்கே போய் வந்தவர்கள் பலரும் நன்றியோடுதான் பேசுகிறார்கள். சிக்கல் எதில் என்றால், சீட்டில் உட்கார்ந்து பல மாதங்கள் ஓடிய பிறகுதான் பெரும்பாலோருக்கு அழைப்பு வருகிறது. அதற்குள் பழைய கடிதத்தைப் பார்த்து எழுதும் வழக்கம் கைக்குப் படிந்துவிடுகிறது. மாவட்ட அலுவலக நடைமுறைத் தேர்வு, சார்நிலை அலுவலருக்கான கணக்குத் தேர்வு ஆகிய துறைத் தேர்வுகளை மே மாதமும் டிசம்பரிலும் தேர்வாணையம் நடத்துகிறது. பதவி உயர்வுக்காக அவற்றைப் படிக்கிறார்கள். வேலைக்காகப் படிப்பது குறைவு. நியமன ஆணை பெற்றவர் சீட்டுக்குப் போகுமுன் பவானிசாகருக்கோ, இடமில்லாவிட்டால் தன் மாவட்டத்திலேயே நடக்கும் ஒரு வகுப்புக்கோ போக வேண்டும். தன்பதிவேட்டை ஏற்றவும், பணிப்பதிவேட்டை வாசிக்கவும், ஒரு குறிப்பை எழுதி அடித்துத் திருத்தப்பெற்று மறுபடி எழுதவும் அங்கே கற்றுக்கொள்ள வேண்டும். முடிவு வர எட்டு மாதம் காத்திருந்த நாட்டில் இதற்குச் சில வாரங்கள் செலவிடுவது பெரிய இழப்பல்ல.

கோப்பு நகராமல் நிற்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். சீட்டில் இருப்பவருக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை, கையெழுத்து அலுவலருடையது. ஆனால் இன்று மேலே வைப்பதா நாளை வைப்பதா என்பது அவர் கையில் இருக்கிறது. கையூட்டின் தொடக்கம் பெரும்பாலும் இந்த ஒருநாள் தாமதத்தில்தான். இதற்கு மருந்து அறிவுரையல்ல. தேதி முத்திரையும் தன்பதிவேடும் அதைப் புரட்டிப் பார்க்கும் கண்காணிப்பாளரும்தான் மருந்து. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இல் வந்த பிறகு, 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற கெடு அந்த முத்திரைக்கு வெளியிலிருந்தும் ஒரு வலுவைக் கொடுத்தது. "என் மனுமீது ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது?" என்று குடிமகன் கேட்டால், தேதிவாரியாகப் பதில் சொல்ல முடிகிற சீட் நேர்மையான சீட். தன்பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கும் இளநிலை உதவியாளருக்கு இந்தச் சட்டத்தால் தொல்லையில்லை. பதிலைப் பத்து நிமிடத்தில் எழுதிவிடுவார்.

பதவி உயர்வையும் மறந்துவிடக் கூடாது. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர் உதவியாளராகி, வருவாய் ஆய்வாளராகி, துணை வட்டாட்சியராகி, வட்டாட்சியராக ஓய்வு பெறுவது வழக்கமான பாதை. முதல் சீட்டில் பழகிய பழக்கம்தான் வட்டாட்சியர் நாற்காலியிலும் உடன் வரும். புல எண்ணை இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்துப் பழகியவர் கையெழுத்திடும்போதும் அப்படியே பார்ப்பார்.

தட்டச்சருக்கும் இளநிலை உதவியாளருக்கும் இடையிலிருந்த கோடு இப்போது பல அலுவலகங்களில் அழிந்து வருகிறது. ஆள் பற்றாக்குறையால் தட்டச்சருக்கும் சீட் கொடுக்கிறார்கள். கணினி இருப்பதால் இளநிலை உதவியாளரும் தாமே அடித்துக்கொள்கிறார். மின் அலுவலகத்தில் வரைவும் தூயநகலும் ஒன்றாகிவிட்டன. ஊதியப் பட்டியலும் விடுப்பும் களஞ்சியம் என்ற அரசு மென்பொருள் வழியாகப் போவதால், பணியமைப்புப் பிரிவில் உள்ளவருக்கு மென்பொருளும் விதியும் சேர்ந்தே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பதவிக்கும் ஒரே பயிற்சியைத் தருவதுதான் இனிப் பொருத்தம். தட்டச்சருக்குக் குறிப்பெழுதவும், இளநிலை உதவியாளருக்கு ஒருங்குறியில் பிழையின்றி அடிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இவர்களோடு மூன்றாவதாக ஒருவரும் வந்து சேர்ந்திருக்கிறார். ஊரக வளர்ச்சி முதல் பல துறைகளில் தொகுப்பூதியத்திலோ ஒப்பந்தத்திலோ கணினி இயக்குபவர்கள் இருக்கிறார்கள். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கணினி உதவியாளர்களைப் போன்றவர்கள் அவர்கள். நாள் முழுவதும் தட்டச்சரின் வேலையையும் பாதி நேரம் சீட்டின் வேலையையும் செய்கிறார்கள். பவானிசாகர் அவர்களுக்கு இல்லை, துறைத் தேர்வு இல்லை, பணிப்பதிவேடு இல்லை. கோப்பில் அவர்களுடைய சுருக்கொப்பமும் இராது. அவர்கள் உள்ளிட்ட எண்ணில் தவறு நேர்ந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போவது, அந்த சீட்டில் பெயர் உள்ள இளநிலை உதவியாளருக்கு. பயிற்சித் திட்டம் எதைத் தீட்டினாலும் முதல் வகுப்பிலேயே இவர்களையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டும். அவர்கள் அடிக்கும் தாளில் அவர்கள் பெயரும் பதிய ஒரு வழி செய்ய வேண்டும்.